யாழ்ப்பாணத்து விறாந்தைக்கு எந்தக் குட்டிக் கக்டஸ்?

தங்கச்சி போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மேல்மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனாள். முற்றம் இல்லை. கிணறு கீழே, வளவு வீட்டுக்காரருடையது. கிழக்குப் பார்த்த சின்ன விறாந்தை ஒன்று மட்டும் உண்டு. "அக்கா, எனக்கு ஒரு கக்டஸ் வேணும். சின்னனா இருக்கோணும், குட்டி குட்டியாப் போட்டுக் கொத்தா வரோணும். இதில எது நல்லம்?" என்று கேட்டு, நாற்றுமேடையில் எடுத்த நாலு படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

நாலும் வடிவு. ஆனால் நாலில் சிலது எங்கள் ஊருக்குப் பொருந்தாது. படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அவள் வாங்கிவிடுவாள், மாரி முடிய அழுகிய சட்டியோடு வந்து நிற்பாள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதி அனுப்பினேன். இதே கேள்வியை வேறு இரண்டு மூன்று பேரும் கேட்டதால் இங்கேயும் போடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வெயில்தான் கக்டஸுக்கு முக்கியம், யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று நினைப்போம். வெயில் சரிதான். இடிக்கிற இடங்கள் இரண்டு: எங்கள் கோடை இரவும், எங்கள் மாரியும்.

கக்டஸ் மற்றச் செடிகளைப் போலப் பகலில் மூச்சு வாங்காது. தோலிலுள்ள நுண்துளைகளை இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளே எடுத்து, அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேர்த்து வைத்ததிலிருந்து உணவு செய்யும். வெயிலில் தண்ணீரை இழக்காமல் இருக்க அது கண்ட வழி அது. இரவு குளிர்ந்தால் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். வைகாசி, ஆனியில் எங்கள் இரவு 27, 28 பாகையிலேயே நிற்கிறது. குளிர்ந்த மலைகளில் பிறந்த இனங்கள் அந்த மாதங்களில் வளரவும் மாட்டாமல் ஓய்வெடுக்கவும் மாட்டாமல் களைத்துப் போகும். அப்புறம் மாரி. ஆண்டு முழுவதற்குமான மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்குள் கொட்டிவிடும். மழை விட்ட நாட்களிலும் காற்றில் ஈரம், வானில் மூட்டம். சட்டி காயவே காயாது. கோடை முழுவதும் தாக்குப்பிடித்த செடி அந்த மூன்று மாதத்தில்தான் போகும்.

ஆகவே நான் பார்ப்பது இரண்டே கேள்விகள்தான். இது பிறந்த ஊரில் இரவு எப்படி? ஈரக்காற்று இதற்குப் பழக்கமா?

நாலு படங்களில் முதலாவது, கச்சான் கோது போல விரல் விரலாகப் படரும் சேமசீரியஸ். இதைக் கச்சான் கக்டஸ் என்றே சொல்லலாம், இங்கிலீஷிலும் அதே அர்த்தத்தில்தான் அழைக்கிறார்கள். செம்மஞ்சள் நிறத்தில் பெரிய பூ. படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. நுவரெலியாவுக்குப் போனபோது ஒரு கொத்து வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். முதல் வருஷம் உயிரோடு இருந்தது, பூக்கவில்லை. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசிய வறண்ட நாட்களில் சிவப்புச் சிலந்தி என்ற நுண்பூச்சி பிடித்து, பச்சைத் தோல் துருப்பிடித்த தகரம் போல ஆனது. இரண்டாவது மாரியில் அடியிலிருந்து கூழாகிவிட்டது. நாலு வருஷம் ஆகியும் அந்த வெறும் சட்டியைப் பார்க்க மனம் கனக்கிறது. பிழை செடியில் இல்லை. அது ஆர்ஜென்டினாவின் வடமேற்கு மலைப்பகுதிச் செடி. உறைநிலைக்குக் கிட்டப் போகும் குளிரையும் தாங்கும். அந்தக் குளிர்காலம் கிடைத்தால்தான் மொட்டே வைக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது சந்தோஷமாக இருக்கும். எங்கள் மார்கழிக் குளிர் 22, 23 பாகையோடு நின்றுவிடுகிறது, அதற்கு அது குளிரே இல்லை. ரெபூட்டியா என்ற பெயரில் விற்கிற சின்னப் பந்துகளுக்கும் இதே கதைதான், அவை பொலிவியா, ஆர்ஜென்டினா மலைகளைச் சேர்ந்தவை. இந்த இரண்டையும் யாரும் சும்மா தந்தாலும் யாழ்ப்பாணத்தில் வாங்காதீர்கள்.

மிச்சம் மூன்றும் மாமில்லாரியாக்கள். உடம்பில் வரி இருக்காது, குமிழ் குமிழாக இருக்கும். ஒவ்வொரு குமிழின் நுனியிலும் நட்சத்திரம் போல முட்கள். அந்தக் குமிழை வைத்துத்தான் 'முலைக்காம்பு' என்ற பொருள்பட லத்தீனில் பெயர் வந்தது. சின்னப் பூக்கள் தலையைச் சுற்றி வளையமாகப் பூக்கும்.

இவற்றில் கிராசிலிஸ் மிகச் சின்னது. தையல்காரர் விரலில் மாட்டும் உறையளவு தலைகள், வெள்ளை முள், தொட்டால் குத்தாது. நடு மெக்சிக்கோவின் இடால்கோ, குவானாவாட்டோ, கெரெட்டாரோ பக்கத்துச் செடி. இதன் ஒரு குணம் நல்லதா கெட்டதா என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது: குட்டிகள் மெல்லிய ஒரு காம்பில்தான் ஒட்டியிருக்கும். பூனை உரசினால் விழும், சட்டியைத் தூக்கி வைத்தால் விழும். விழுந்த இடத்தில் மண் இருந்தால் வேரும் விடும். காட்டில் அது பரவுவதே அப்படித்தான். பகிர்ந்து கொடுக்க இதைவிட நல்ல செடி கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு செடி கொடுப்பதென்றால் இதைத்தான் கொடுப்பேன். ஆனால் நிறைந்த ஒரு கொத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். மேல்மாடியில், சோழகம் நேரே அடிக்கும் விறாந்தையில், வாரத்துக்கு இரண்டு தலை நிலத்தில் உருண்டு கிடக்கும். தங்கச்சியின் வீடு அப்படிப்பட்டது.

எலோங்காட்டா அதே மெக்சிக்கோ மாநிலங்களைச் சேர்ந்ததுதான். கைவிரல் போல நீளும், விரல்கள் நெருங்கி நின்று, நீண்டதும் சட்டி விளிம்பில் சாய்ந்து வழியும். முள் பொன்னிறம். சிலவற்றில் செம்பு நிறம். காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது முழுக் கொத்தும் விளக்கேற்றியது போலத் தெரியும். என்னிடம் ஏழு வருஷமாக ஒன்று இருக்கிறது. இரவுச் சூட்டைப் பொறுத்துக்கொள்கிறது. வெயில்தான் நிறையக் கேட்கும். நிழலில் வைத்தால் விரல் மெலிந்து வெளிறி, முள்ளுக்கு முள் இடைவெளி விட்டு நீளும். பிறகு வெயிலில் வைத்தாலும் அந்த மெலிந்த பகுதி தடிக்காது. இன்னொன்று, வயது போகப் போக அடிப்பகுதி தவிட்டு நிறமாகித் தக்கை போல ஆகும். பார்த்தவர்கள் அழுகிவிட்டதென்று பயந்து பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். கடினமாக இருந்தால் அது முதுமை, மெத்தென்று அமிழ்ந்தால்தான் அழுகல்.

புரோலிஃபெராவைக் கடைசிக்கு வைத்தேன், அதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. பிலிப் மில்லர் 1768இல் இதற்குப் பெயர் வைத்தபோதே பிள்ளை பெருக்குவது என்ற பொருளில்தான் வைத்தார். கோழி முட்டையிலும் சின்னத் தலைகள், சுற்றிச் சுற்றிக் குட்டி வைத்து, சில வருஷத்தில் சட்டியை மூடிவிடும். வெள்ளை மயிர் போன்ற மெல்லிய முட்களுக்கு நடுவே மஞ்சள் முள். பூ இளமஞ்சள், பெரிய பூ என்று சொல்ல முடியாது. அழகே பிறகுதான் வரும். வேறொரு செடி பக்கத்தில் இல்லாமலே காய் பிடித்து, சின்ன மிளகாய் போன்ற செம்பழங்கள் முட்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். வாரக்கணக்கில் உதிராது. தின்னலாம், இலேசான இனிப்பு. ஸ்ட்ராபெரி கக்டஸ் என்று இதற்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.

இது எங்கள் ஊருக்குப் பொருந்தும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதன் பிறப்பிடம். டெக்சாசிலும் வடகிழக்கு மெக்சிக்கோவிலும் இது உண்டு, அதோடு கியூபாவிலும், ஹெயிட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்கு போட்டிருக்கும் தீவிலும் உண்டு. கடல் சூழ்ந்த வெப்பத் தீவு, ஈரக்காற்று, இரவிலும் சூடு. யாழ்ப்பாணத்துக் காலநிலைக்கு இவ்வளவு கிட்ட வரும் ஒரு கொத்துக் கக்டஸை நாற்றுமேடையில் நான் வேறு பார்க்கவில்லை. குறையும் உண்டு: உடம்பு மெத்தென்றது. கொத்துக்கு நடுவே தண்ணீர் தேங்கினால் நடுத்தலையிலிருந்து அழுகல் தொடங்கும், வெளியே தெரிய நாள் எடுக்கும். மாவுப்பூச்சிக்கும் ஒளிந்திருக்க இது நல்ல இடம். எறும்பு ஏறி இறங்குவதைக் கண்டால் தலைகளுக்கிடையில் பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும், வாரத்துக்கு ஒரு முறை என்று மூன்று வாரம் செய்ய வேண்டும். வேப்பெண்ணெய் தெளிக்கிறவர்கள் பொழுதுபட்ட பிறகு தெளித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். எண்ணெய் படிந்த தோல் வெயிலில் வெந்துவிடும்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒட்டுக் கக்டஸ் பற்றியும் கேட்டாள். அந்தச் சிவப்புத் தலையில் பச்சையம் இல்லை, கீழேயுள்ள பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. சில வருஷங்களில் இரண்டில் ஒன்று மற்றதை விட்டுவிடும். அவள் கேட்ட கொத்து அதுவல்ல. முயல் காது போல நிற்கும் நாகதாளி வகையும் வேண்டாம். அதன் பொட்டுப் பொட்டான நுண்முட்கள் தொட்டதும் தோலில் ஏறும், பிள்ளைகள் கண்ணைக் கசக்கினால் வைத்தியரிடம்தான் ஓட வேண்டும்.

இடையில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கக்டஸ் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். எங்கள் வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளி அந்தக் குடும்பமே இல்லை, வெட்டினால் பால் வடிவதை வைத்து அடையாளம் காணலாம். ஆனால் ஒரே ஒரு கக்டஸ், ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா, கடல் தாண்டி ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. எங்கள் நாட்டின் ஈரக் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து பச்சைக் கயிறு போலத் தொங்கும், வளர்ந்த தண்டில் முள்ளே இருக்காது. முதன்முதலில் அறிந்த அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

சரி, எங்கே வைப்பது? உள்ளே ரீவி மேசைக்குப் பக்கத்தில் வைக்க அவளுக்கு ஆசை. வேண்டாம். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிற அறை கக்டஸுக்கு இருட்டு. மொட்டை மாடியில் வைத்தால் வெயில் தாராளம், ஆனால் மாரி நேரே தலையில் இறங்கும், சித்திரையில் கொங்கிரீட் சூடு சட்டிக்குள் வேரை வேக வைக்கும். அப்படியானால் யன்னலா விறாந்தையா? புத்தகங்களில் தெற்கு யன்னல் என்று போட்டிருக்கும், அது ஐரோப்பாவுக்கு எழுதியது. நாங்கள் நில நடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். சித்திரை நடுவிலிருந்து ஆவணி வரை எங்கள் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். தெற்கு யன்னலுக்கு அந்த வடக்கு மாதங்களில் வெயில் குறைவு, வடக்கு யன்னலுக்கு மற்ற மாதங்களில் குறைவு. கிழக்கு மட்டும் வருஷம் முழுவதும் காலை வெயிலைத் தரும். மேற்கும் தரும், ஆனால் சுவரும் காற்றும் சூடேறிய பின் வரும் வெயில் அது. அவளுடைய கிழக்கு விறாந்தையில், கூரை விளிம்புக்குள், மழைச் சாரல் எட்டாத அளவு உள்ளே தள்ளி வைத்தால் நாலு மணித்தியால வெயில் கிடைக்கும். எலோங்காட்டாவுக்கு அது மட்டுமட்டு, புரோலிஃபெராவுக்குப் போதும். நாற்றுமேடையில் நிழல் வலைக்குக் கீழே இருந்த செடியை ஒரேயடியாக வெயிலுக்குக் கொண்டு வராதீர்கள். இரண்டு கிழமை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வெந்த தழும்பு பிறகு மாறாது.

சட்டியில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிளாஸ்டிக் சட்டி மலிவு, கோடையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடிக்கடி ஊற்றத் தேவையில்லை. அதெல்லாம் உண்மை. ஆனால் எங்கள் கக்டஸ் சாவது மாரியில், அப்போது காய்கிற சட்டிதான் வேண்டும், அதாவது மண் சட்டி. இந்தச் செடிகளின் வேர் ஆழம் போகாது, பக்கவாட்டில்தான் பரவும், ஆகவே உயரமான பூச்சாடி வீண். தயிர் வாங்கும் மண் சட்டி இருக்கிறதே, அகலம், ஆழம் குறைவு, இதற்கென்றே செய்தது போல! ஒரு இரவு தண்ணீரில் ஊற வைத்து, கவிழ்த்து, ஆணியால் மெல்ல மெல்லத் தட்டி மூன்று துளை போட்டால் உடையாது. துளையில்லாத கோப்பையில் மட்டும் எதையும் நடாதீர்கள்.

மண் கலவையில் நாற்றுமேடைத் தும்புத்தூள் முழுவதையும் வேரிலிருந்து உதறிவிட வேண்டும். நனைந்தால் ஈரத்தை இலகுவில் விடாது. நான் செம்மண் ஒரு பங்கு, கடுகிலிருந்து பட்டாணி அளவு வரை நொருக்கிய ஓட்டுத் துண்டும் சல்லியும் இரண்டு பங்கு, ஒரு கைப்பிடி ஊமற்கரி (பனங்கொட்டைக் கரி) என்று சேர்க்கிறேன். கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண் தோட்டத்தில் தண்ணீரை நன்றாக வடிக்கும், சட்டிக்குள் தனியாகப் போட்டால் இறுகிவிடும். கடற்கரை மணல் உப்பு, கழுவினாலும் நம்ப மாட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனிப் பிரச்சினை. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதே படிவு சட்டி விளிம்பிலும் முட்களிலும் ஏறும், மண்ணின் காரத்தன்மையும் கூடிக்கொண்டே போகும், செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் மஞ்சளாகும். மழைத்தண்ணீர்தான் நல்லது. மாரியில் பீலியிலிருந்து நாலு போத்தல் பிடித்து இருட்டில் மூடி வைத்தால் ஒரு சின்னச் சட்டிக்குக் கோடை பாதி ஓடும். அது முடிந்தால் கொதிக்க வைத்து ஆற விட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல்தண்ணீரை எடுங்கள், கொதிக்கும்போதே சுண்ணாம்பில் ஒரு பகுதி பிரிந்துவிடும். உவர்க் கிணறுள்ள தீவுப்பகுதிகளில் இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே வேண்டாம், உப்பு கொதித்தாலும் போகாது.

எத்தனை நாளுக்கு ஒரு தரம் என்று கேட்பார்கள். நாள் கணக்கு வைக்காதீர்கள். ஒரு ஈர்க்கை எடுத்துச் சட்டி அடிவரை செருகி, கொஞ்ச நேரம் விட்டு இழுத்துப் பாருங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டாம். சுத்தமாக வந்தால் அடித்துளையால் வடியும் வரை ஊற்றுங்கள், பொழுதுபட்ட பிறகு, தலைகளில் படாமல் மண்ணில். சோழகக் காலத்தில் என் சட்டிகள் வாரத்துக்கு ஒரு முறை கேட்கின்றன. ஐப்பசி பிறந்தால் நான் நிறுத்திவிடுவேன், தை வரைக்கும் இரண்டு தரம் ஊற்றினால் அதிகம். தலைகள் சற்றுச் சுருங்கும், பயப்பட வேண்டாம். சுருங்கியது தண்ணீர் கண்டால் நிமிரும். அழுகியது நிமிராது.

அப்படியானால் தங்கச்சிக்கு என் முடிவு புரோலிஃபெரா. கடையில் வாங்குவதா, என் கொத்திலிருந்து குட்டி எடுப்பதா என்ற கேள்வி மட்டும் மிச்சம். கடையில் நிறைந்த கொத்தே கிடைக்கும், அன்றைக்கே வடிவாக இருக்கும். ஆனால் தும்புத்தூள் உதறி, வேர் கழுவி, புது மண்ணில் அது நிலைகொள்வதற்குள் மாரி வந்துவிடும். என் குட்டிகள் எங்கள் இரவுச் சூட்டில் பிறந்து இரண்டு மாரி கண்டவை. மூன்று நாலு வருஷம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். "பொறுப்பன் அக்கா, நீங்க எடுத்து வையுங்கோ" என்றாள்.

வாழைக்குட்டி பிரிப்பது போலவே இதற்கும் காலம் பார்க்க வேண்டும். தை, மாசி மிக நல்லது. ஆவணி முடிய எடுத்தால் தாமதம், ஈரம் வந்துவிடும். இப்போது ஆவணி தொடங்கித்தான் இருக்கிறது. போன ஞாயிறு ஐந்து தலைகளைச் சுடுதண்ணீரில் கழுவிய கத்தியால் பிரித்தேன். அடுப்படி அலுமாரிக்கு மேல், பேப்பர் விரித்து, வெயில் படாமல் வைத்திருக்கிறேன். வெட்டு வாய் வெளுத்துத் தோல் கட்டிவிட்டது. ஒன்றில் மட்டும் இன்னும் ஈரக் கசிவு இருக்கிறது, அதை இன்னும் நாலு நாள் விட வேண்டும். மற்ற நாலையும் நட, வெள்ளிக்கிழமை தயிர்ச் சட்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.